கவிழ்த்துப் பார்க்காத பாட்டில்

போன மாதம் ஒரு போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம். உணவைத் தொடும் பொருள்கள், பொட்டலங்கள் பற்றிய விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன, பழைய ஆட்கள் நாலு பேர் அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார் பேசிய தம்பி. "நீங்க ஜெயிச்ச கேஸா ஒண்ணு எழுதுங்க சார்" என்றார். சரி சரி என்று போனை வைத்துவிட்டேன்.

ஜெயித்த கேஸ் எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. நிற்பது ஒன்றுதான். அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள். "இவுக பூட்டுன வீட்ட, பூட்டிட்டாகளான்னு பாக்க ஒரு ஆளு வேணும்" என்று என் மனைவி பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். இந்தப் பயத்தோடு நான் எப்படி முப்பது வருஷத்துக்கு மேல் கடைகடையாக ஏறி இறங்கினேன் என்பது எனக்கே ஆச்சரியம். ஒரு வருஷம் சுகாதார ஆய்வாளர் பயிற்சி, கொஞ்ச காலம் கொசு மருந்தும் குளோரினும், அப்புறம் உணவு ஆய்வாளர் வேலை. சட்டம் மாறியபோது பெயரும் மாறி உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் பாலில் தண்ணீரா, மிளகாய்ப் பொடியில் சாயமா என்று உணவை மட்டும்தான் பார்ப்போம். பொட்டல விதிகள் வந்த பிறகு உணவைத் தொடுகிற எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. கவர், டப்பா, கேன், வாளி, மூடி, அச்சு மை வரைக்கும். செய்தித்தாளில் பலகாரம் மடிக்கக்கூடாது என்று குற்றாலத்துப் பஜ்ஜிக் கடைகளில் சொல்லப் போனபோது ஒரு அண்ணாச்சி, "பேப்பர்ல மடிச்சா தின்னுக்கிட்டே நியூஸ் படிக்கலாம்லா சார், அதையும் கெடுக்கணுமா?" என்றார். நான் அவர் வைத்திருந்த பஜ்ஜியைத் திருப்பிக் காட்டினேன். எண்ணெய் ஊறிய பக்கத்தில் ஒரு விளம்பரமே எழுத்து எழுத்தாகப் பதிந்திருந்தது. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. மறுநாளிலிருந்து வாழை இலை வைத்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். உணவுக்கு உகந்ததென்றால் அதற்கான குறி அடியில் இருக்கும். இல்லையென்றால் வெளியே எடு என்பேன். அதனால் தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் எனக்குக் "கவுத்துப் பாக்குற சார்" என்று பெயர். நான் வண்டியை நிறுத்தும்போதே, "ஏலே, கவுத்துப் பாக்குற சாரு வாராருலே, டப்பாவ உள்ள எடு" என்று குரல் கேட்கும். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தக் கடைசி வருஷங்களில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு டாக்டர் அம்மா. மேடம் என்றே சொல்கிறேன். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோப்பைப் படிக்கும்போது விரலை ஓரத்தில் வைத்து வரிவரியாக இறக்குவார். விரல் நின்றால் நமக்கு மூச்சு நின்றுவிடும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைப்பார், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் "எழுதியிருக்கா?" என்பதுதான் அவர் கேள்வி. எழுதாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

மாதிரி எடுப்பதில் அவர் மூன்று உத்தரவு போட்டிருந்தார். எண்ணெய் மாதிரி கண்ணாடி பாட்டிலில் மட்டும்தான் எடுக்க வேண்டும். சூடாக இருந்தால் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி நன்றாக ஆறிய பிறகுதான் பாட்டிலில் நிரப்ப வேண்டும். மூன்றாவது, மாதிரிகள் இருக்கும் அலமாரியை யார் திறந்தாலும் தேதி, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று ஒரு ரிஜிஸ்டர் அலமாரிக் கைப்பிடியிலேயே கயிற்றில் தொங்கும். மேடமே திறந்தாலும் எழுதித்தான் திறப்பார்.

இனி பாத்திமா. செய்யதலி பாத்திமா என்று முழுப் பெயர். குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கணவர் சவூதியில். பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். ஊரிலிருந்து யார் சவூதிக்குப் போனாலும் பாத்திமா அவர் கையில் கணவருக்கு ஒரு டப்பா சிப்ஸ் கொடுத்துவிடுவாள். அவர் அறையில் இருக்கிற எட்டுப் பேரும் அதைத்தான் தின்பார்களாம். அடுப்பில் நிற்பது கேரள எல்லையில் புளியரைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாஸ்டர்.

முதல் தடவை நான் அங்கே போனபோது, எண்ணெயில் தெளிக்கிற மஞ்சள் உப்புத் தண்ணீரை ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்திருந்தார்கள். சீசன் கடைகள் பாதியில் அப்படித்தான். கழுவிக் கழுவி வெளுத்த வாளி. கவிழ்த்துப் பார்த்தேன். "அம்மா, இது சுவருக்கு அடிக்கிற பெயிண்டுக்குச் செஞ்சது. உப்புத் தண்ணி இதுல இருந்து என்னத்த எல்லாம் இழுத்துக்கிட்டு வருமோ?" என்று சொல்லி, குறையைச் சரிசெய்யச் சொல்லும் முன்னேற்ற அறிவிப்பு கொடுத்தேன். மறுவாரமே எல்லாம் எவர்சில்வர் ஆகியிருந்தது. கவரும் குறி போட்டது. பெயிண்ட் வாளியில் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை நட்டுவிட்டதாகச் சொன்னாள். "நல்லதுதான சார் சொன்னீங்க" என்றாள். என் வேலையில் அப்படிச் சொல்கிற ஆள் அபூர்வம்.

அடுத்த சீசன். சாரல் விடாமல் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாத்திமா கடை சிப்ஸில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று வெளியூர்க் குடும்பம் ஒன்று இணையத்தில் புகார் போட்டுவிட்டது. அன்றே நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும். சட்டப்படி மாதிரியை நாலு பாகமாகப் பிரிக்க வேண்டும். என்னிடம் இருந்தது ரெண்டே கண்ணாடி பாட்டில். மீதி எல்லாம் சீசன் மாதிரிகளில் தீர்ந்துபோயிருந்தது. போகிற வழியில் தென்காசியில் ஒரு பிளாஸ்டிக் கடையில் வண்டியை நிறுத்தி, நனைந்துகொண்டே ரெண்டு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினேன். அடியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. ஆயிரம் டப்பாவைக் கவிழ்த்தவன் அன்று அதைக் கவிழ்க்கவில்லை.

கடையில் நெரிசல். வாணலியிலிருந்து எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் எடுக்கச் சொல்லி, ஆற வைத்து நின்றேன். கால் மணி நேரம் ஆனது. ஜனம் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது. ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். அலுவலகத்திலிருந்து அறிக்கை எங்கே என்று போன் மேல் போன். பாத்திமா ஓரமாக நின்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை பரபரத்தது. ஊற்றத் தொடங்கினேன்.

"சாரே, சூடாறட்டே" என்றார் மாஸ்டர்.

"உம்ம வேலையப் பாரும்" என்றேன் நான்.

மூன்றாவதான பிளாஸ்டிக் பாட்டிலை மூடும்போது அதன் இடுப்பு என் கட்டைவிரலுக்குக் கீழே லேசாக உள்வாங்கியது. எனக்குத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது. அதன் மேலேயே காகிதச் சீட்டைச் சுற்றி ஒட்டி, நூல் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். பாத்திமா கையெழுத்துப் போட்டாள். கூரியரில் உடையாது என்று பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ரெண்டு கண்ணாடியும் இன்னொரு பிளாஸ்டிக்கும் அலமாரிக்குப் போயின.

ரெண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. எண்ணெயில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கிற ரசாயனம் இருக்கிறது, பாதுகாப்பற்றது. பாதுகாப்பற்றது என்று வந்தால் அபராதத்தோடு போகாது, கோர்ட்டுக்குப் போகும், சிறைத் தண்டனை வரைக்கும் இடமுண்டு. கடையை நிறுத்தும் உத்தரவை அன்று மாலையே நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், செய்தால் இன்னொரு பாட்டில் மேல் ஆய்வகத்துக்குப் போகும் என்று வழக்கமான வாசகத்தைப் படித்துக் காட்டினேன். பாத்திமா அதைக் காதில் வாங்கவே இல்லை. "அப்போ இத்தன நாளும் நான் என்னத்த சார் வித்தேன்?" என்றாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனேன். ரிஜிஸ்டரில் தேதி, நேரம், காரணம் "சரிபார்ப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியைத் திறந்தேன். கண்ணாடி ரெண்டும் கல்லுப்போல இருந்தன. பிளாஸ்டிக் பாட்டில் இடுப்பு ஒடுங்கி, சீட்டு சுருங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் ஒரு குறியும் இல்லை. வழவழவென்று மொட்டையாக இருந்தது.

அவள் கடையில் தப்பில்லை. தப்பு என் பாட்டிலில். அப்படியே வைத்துப் பூட்டிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றே மேடமிடம் சொல்லியிருக்க வேண்டும். அறை பத்தடி தூரம்தான். எழுந்தேன், உட்கார்ந்தேன். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. குற்றச்சாட்டு மெமோ வரும், சஸ்பெண்டு கூட வரலாம். கவுத்துப் பாக்குற சார் தன் பாட்டிலைக் கவுத்துப் பாக்கலையாம் என்று மாவட்டமே சிரிக்கும். அப்புறம் ஒரு சாக்கு தோன்றியது. முப்பது நாள் இருக்கிறதே, பாத்திமாவே மேல்முறையீடு போட்டுவிட்டால் கண்ணாடி பாட்டில் போகும், நல்ல ரிப்போர்ட் வரும், என் பெயர் எங்கேயும் வராது. காத்திருப்போம் என்று முடிவு செய்தேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. காத்திருந்தேன்.

நாளை விரல் விட்டு எண்ணினேன். சாப்பாடு இறங்கவில்லை. "என்ன எழவு இது, கூண்டுல போட்ட புலி மாதிரி உலாத்துதீய? ஆபீஸ்ல என்ன?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். ஆறாவது நாள் தாங்க முடியாமல் குற்றாலம் போனேன். கடை அடைத்திருந்தது. முன்னால் ஜனம் போய்க்கொண்டிருந்தது, பக்கத்துக் கடைகளில் எண்ணெய்ச் சத்தம். பாத்திமா உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பீல் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்மா" என்றேன், பட்டும் படாமலும்.

"எதுக்கு சார்? தப்பு எம்மேலதான? அந்த வாளி. பத்து வருசமா அதுலதான உப்புத் தண்ணி வச்சேன். அது எல்லாத்துலயும் ஊறியிருக்கும்."

"வாளியத்தான் அப்பவே மாத்திட்டீங்களே."

"ஊறுனது போகுமா சார்? சவூதிக்கு அவுகளுக்குப் போன் போட்டு, அனுப்புன டப்பாவ எல்லாம் குப்பையில போடச் சொல்லிட்டேன். அந்த ரூம்ல ஒருத்தருக்கு வயித்துவலியாம். என்னால இருக்குமோ?"

இல்லை என்று சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. "பாருங்க, யோசிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மெயினருவிச் சத்தம் கேட்காத தூரம் வந்த பிறகுதான் ஹெல்மெட் போடவில்லை என்பதே தெரிந்தது.

பதினோராவது நாள் பாத்திமா அலுவலகத்துக்கு வந்தாள். கையில் பெரிய துணிப்பை. பையைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அந்தப் பெயிண்ட் வாளி. கறிவேப்பிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், அடியில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"இதச் சோதிச்சுச் சொல்லுங்க சார். எவ்வளவு விஷம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர்கிட்ட சொல்ல முடியும். எம் பிள்ள சின்னதுல இருந்து இந்தக் கடைச் சிப்ஸ் தின்னுதான் வளந்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லங்காக. எனக்கு நம்பிக்கை இல்ல சார். நான் ராவும் பகலும் அத உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருக்கேன். கண்ணு மஞ்சளா இருக்கோ, கை வெளுத்துருக்கோன்னு."

"இங்கனயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நேராக மேடம் அறைக்குப் போனேன். அந்தப் பத்தடி தூரத்தைக் கடக்கப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது எனக்கு.

நின்றபடியே சொன்னேன். பாட்டில் வாங்கியது, ஆறாமல் ஊற்றியது, இடுப்பு உள்வாங்கியது, எல்லாம். மேடம் குறுக்கே பேசவில்லை. எழுந்து போய் ரிஜிஸ்டரில் எழுதினார், அலமாரியைத் திறந்தார், பாட்டிலை ரெண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தார். அது மேசையிலும் சாய்ந்தே நின்றது.

"மாஸ்டர் சொன்னாரா, ஆறட்டும்னு?"

"சொன்னாரு மேடம்."

"அது அறிக்கையில எழுதியிருக்கா?"

"இல்ல மேடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத எப்ப கவனிச்சீங்க?" என்றார்.

"இப்பத்தான்... நேத்து மேடம்."

ரிஜிஸ்டர் அவர் கைக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. பார்த்தாரா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. மூடி வைத்தார். "வெளிய இருக்கிறது அந்த அம்மாதான? மேல்முறையீட்டு மனுவ நீங்களே உக்காந்து எழுதிக் கொடுங்க. அவங்ககிட்ட காரணத்தச் சொல்லுங்க. சொன்னதையும் எழுதுங்க" என்றார்.

வெளியே வந்து பாத்திமாவிடம் சொன்னேன். வாளியில் ஒன்றுமில்லை, பாட்டில் என்னுடையது, தப்பு என்னுடையது என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ, "அப்போ எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா சார்? நான் ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின், "இது எப்ப சார் ஒங்களுக்குத் தெரிஞ்சுது?" என்றாள்.

"நேத்துத்தாம்மா."

"நேத்துத் தெரிஞ்சத இன்னைக்கே சொல்லிட்டீங்களே. வேற ஆபீசரா இருந்தா மூடி மறைச்சிருப்பாக. நல்லா இருப்பீங்க சார்."

என்னை அவள் செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்ணாடி பாட்டில் மேல் ஆய்வகத்துக்குப் போனது. எல்லாம் வரம்புக்குள், எண்ணெய் சுத்தம் என்று வந்தது. புகாரில் சொன்ன வாடை எங்கிருந்து வந்ததென்று கடைசிவரை தெரியவில்லை. கடையைத் திறக்கலாம் என்று மேடம் உத்தரவு போட்டபோது சாரல் நின்று, அருவியில் நூல்போலத்தான் தண்ணீர். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், பணிப்பதிவேட்டில் ஒரு கண்டிப்பு ஏறியது. நான் பயந்த மாதிரி உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதற்காகவா பதினோரு நாள்?

கையேட்டுக்காக இதுவரைக்கும் எழுதி முடித்தேன். அச்சில் வந்து பாத்திமா கண்ணில் படுவதற்கு முன் நானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் குற்றாலம் போனேன். கையில் வீட்டிலிருந்து எடுத்துப்போன எவர்சில்வர் டப்பா. கடையில் பாத்திமா இருந்தாள், தலையில் நரை விழுந்திருக்கிறது. "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். அரைக் கிலோ சொல்லிவிட்டு, டப்பாவை நீட்டியபடியே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நேத்துத்தான் தெரியும்னு சொன்னேன்மா. அது பொய். பதினோரு நாளா தெரியும்."

"தெரியும் சார்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கடையத் தொறக்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சுல்லா, அதோட மேடம் ஒரு தாள் வச்சிருந்தாங்க. அலமாரி நோட்டோட நகல். நீங்க கையெழுத்துப் போட்ட தேதி இருந்துச்சு. கடைய அடைச்ச மறுநா. எம் மகதான் வாசிச்சுக் காட்டுனா."

என் கைக்கு வந்த உத்தரவில் அந்த நகல் இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறேன். ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

"ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்லா சார்" என்றாள். கொஞ்ச நேரம் சிப்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "எம் பிள்ளைக்கு மூணு தடவ ரத்தம் எடுத்தோம். முத தடவ எடுத்தது, நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு மறுநா. ஊசியப் பாத்தா அதுக்கு அப்பவே ஆகாது சார். கெடந்து கத்துச்சு. நாந்தான் கையப் பிடிச்சு அமுக்கிக்கிட்டேன்."

பாத்திமா என் டப்பாவை வாங்கினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். துடைத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பத்தான் எடுத்தது. ஆறட்டும் சார், நில்லுங்க" என்றாள்.

நின்றேன்.